தனியாக ஒரு சுற்று

பிப்ரவரி 21

என் அருமை ஊமைக்கோட்டானுக்கு,

உன் ரேடியோ எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அங்கே நீயும் உன் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த மனுஷர் இன்னமும் டிவியைத் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் வைக்கிறாரா?

போன் இருக்கும்போது என்ன கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டுச் சுவர் அட்டைப்பெட்டி மாதிரி. இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து மருமகள், "அத்தை, மீட்டிங்ல இருக்கேன்" என்கிறாள். அவளுக்கு வீட்டிலேயே ஆபீஸ். காலையில் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை நான் குழாயைத் திறப்பதுகூடப் பார்த்துப் பார்த்துத்தான். என் தொண்டை உனக்குத் தெரியாததா? நாம் வேலை பார்த்த லேபில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் நான் முன்னறையில் பேச்சுக் கொடுத்தால், கடைசி அறையில் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கும் உனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்குமே. அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு இங்கே கிசுகிசுக்கிறேன்.

எனக்குக் கொடுத்திருப்பது துணி இஸ்திரி போடும் அறை. கட்டிலில் கால் நீட்டினால் இஸ்திரி மேஜை இடிக்கும். குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மகன் லீவு போட்டு வந்து, வீட்டைக் காலி பண்ணி, சாமானோடு சாமானாக என்னையும் கட்டி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டானே. கட்டுப் பிரித்தாயிற்று, கை நன்றாக இருக்கிறது. வாய்தான் துருப்பிடிக்கிறது.

என்னை விடு. உன்னை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. உன் வீட்டுக்காரர் தவறிப்போனதிலிருந்து தாவரவியல் பூங்காவுக்குள் நான் இல்லாமல் நீ கால் வைத்ததே கிடையாது. காலையில் யாரோடு நடக்கிறாய்? மரத்துக்கு மரம் தொங்கும் பெயர்ப்பலகையை யார் உனக்குப் படித்துக் காட்டுகிறார்கள்? தன்னந்தனியாக நீ தலையைக் குனிந்துகொண்டு போவது இங்கிருந்தே என் கண்ணுக்குத் தெரிகிறது. தைரியமாக இரு. உடனே பதில் போடு.

உன்,
ரேடியோ


மார்ச் 6

அன்புள்ள ரேடியோவுக்கு,

கடிதம் கிடைத்தது. மணிக்கட்டு சரியாகிவிட்டது என்று படித்ததும் நிம்மதி. ஆனாலும் வாளி தூக்காதே.

நீ இல்லாமல் பூங்காவே வெறிச்சென்று கிடக்கிறது. வாசலில் டிக்கெட் கிழிப்பவர், "எங்கம்மா உங்க ஜோடி?" என்று கேட்டார். ஊருக்குப் போய்விட்டாய் என்றேன். "அதான் சத்தத்தையே காணோம்" என்றார். ஏதோ போக வேண்டுமே என்று தினமும் ஒரு சுற்று போய்விட்டு வருகிறேன்.

குளிர் விட ஆரம்பித்துவிட்டது. பெரிய பாதையில் மொட்டையாக நின்ற மரங்களிலெல்லாம் கணுவுக்குக் கணு சிவப்பாகத் துளிர் தெரிகிறது. முந்தாநாள் கண்ணாடி வீட்டுக்குப் பின்னால் போகும்போது யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. நின்று பார்த்தேன், மரங்கொத்தி. நான் நின்றதை அது கண்டுகொள்ளவே இல்லை. அது பறந்து போகும்வரை நின்றிருந்தேன். பிறகு பெரணிகள் இருக்கும் சரிவுக்கு இறங்கினேன். நாம் அங்கே போனதில்லை, ஞாபகமிருக்கிறதா? பாதை குறுகல், இரண்டு பேர் சேர்ந்து போக முடியாது. இப்போது அங்கே தரையிலிருந்து சுருள் சுருளாக முளைத்து வருகின்றன. நேற்று மூடியிருந்த ஒரு சுருள் இன்று பாதி பிரிந்திருந்தது. கால் மரத்துப்போகிறவரை குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. நான் கதவைத் திறக்கும்போதே செய்தி ஓடிக்கொண்டிருக்கும். படுப்பது அதே கூடத்தில்தான், தங்கை வீட்டுக்காரர் டிவியை அணைத்த பிறகுதான். தங்கையைக் குறை சொல்ல முடியாது, இடம் கொடுத்திருக்கிறாளே.

பலகைகளை நானே படித்துக்கொள்கிறேன். உன்னைப்போல வராது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
கோட்டான்


மார்ச் 16

என் கோட்டானே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், சிரிக்காதே. அடியே, மரங்கொத்தியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நிலைமைக்கா வந்துவிட்டாய்? பேச ஆளில்லாமல் புல்லையும் பூண்டையும் குந்தி உட்கார்ந்து பார்க்கிறாயே, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

ராத்திரி சாப்பிடும்போது உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். "வெறிச்சென்று கிடக்கிறது" என்ற வரியை இன்னொரு தடவையும் படித்தேன், மருமகள் காதில் நன்றாக விழட்டும் என்று. என்னைத் தேடுகிற ஒரு ஜீவனாவது உலகத்தில் இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அதற்கு என் மகன் என்ன சொன்னான் தெரியுமா? "அம்மா, அதெல்லாம் ஒரு பேச்சுக்கு எழுதறதும்மா. எல்லாருமே அப்படித்தான் எழுதுவாங்க." எனக்கு வந்ததே கோபம். "யாரைப் பத்திடா பேசற? அவ வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வர்றதே பெரிசு. அவ எழுதியிருக்கான்னா அதுக்குப் பத்து மடங்கு உள்ள இருக்குன்னு அர்த்தம்" என்று பிடித்து உலுக்கிவிட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். மருமகள் எழுந்து போய்விட்டாள்.

நேற்று அவள் எனக்கு ஒரு சின்ன வெள்ளைப்பலகை வாங்கி வந்தாள். மீட்டிங் நேரத்தில் ஏதாவது வேண்டுமென்றால் அதில் எழுதிக் காட்ட வேண்டுமாம். மரியாதையாகத்தான் சொன்னாள், தப்பாகச் சொல்லக் கூடாது. அதை வாங்கிக்கொண்டு என் அறைக்குப் போனேன். பிறகு "டீ" என்று எழுதி, அதை அழித்துவிட்டு, நானே போய்ப் போட்டுக்கொண்டேன்.

நேராகவே கேட்கிறேன். நான் திரும்பி வந்துவிடட்டுமா? ஒற்றை அறை போதும் எனக்கு. பென்ஷன் இருக்கிறது. மகன் குதிப்பான், குதிக்கட்டும். ஆனால் யாருக்காக வந்தேன் என்று கேட்டால் சொல்ல எனக்கு ஒரு ஆள் வேண்டும். வா என்று ஒரு வார்த்தை எழுது. வேண்டாம் என்றாலும் எழுது. உனக்குத்தான் பொய் வராதே.

உன்,
ரேடியோ


மார்ச் 25

அன்புள்ள ரேடியோவுக்கு,

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இதென்ன கேள்வி? நீ வந்தால் யாருக்குச் சந்தோஷம் இருக்காது? ஆனால் கையை யோசி. விழுந்தால் இந்தத் தடவை தூக்கிவிட ஆள் வேண்டும். மகன் ஆசையாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். மருமகளும் கெட்டவளாகத் தெரியவில்லை. வெயில் காலம் முடியட்டும், பிறகு பார்க்கலாம். அவசரப்படாதே.

இங்கே இரண்டு நாளாகத் தூறல். அதனால் பூங்காவில் ஓர் ஆள் இல்லை. நேற்றுக் காலை உள்ளே போனவள் நான் ஒருத்திதான். தெற்குப் பக்கம் ஓர் இலைகூட இல்லாமல் முழுக்க வெள்ளையாகப் பூத்து நிற்குமே, அந்த மரத்தடியில் குடையை மடக்கிவிட்டு நின்றேன். பூவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு தேனீ பூவுக்குள் போய் மழைக்கு ஒதுங்கியிருந்தது. யாரும் கூப்பிடவில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வீட்டுக்கு வந்தால் தங்கை, "எங்க போய்த் தொலைஞ்சே, குடையைக் கையில வெச்சுக்கிட்டு இப்படியா நனைவாங்க?" என்று கத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரித்து வெகுநாளாயிற்று என்று அவளே சொன்னாள்.

மகனிடம் சண்டை போடாதே. எதற்கும் இரண்டு தடவை யோசி.

அன்புடன்,
கோட்டான்


ஏப்ரல் 4

என் செல்லக் கோட்டானே,

யோசித்துவிட்டேன். வருகிறேன்.

"யாருக்குச் சந்தோஷம் இருக்காது" என்று நீ எழுதியிருந்தாயே, அது போதும். என் கையைப் பற்றி நீ படுகிற கவலையைப் பார்த்ததும் மனசு உருகிப்போயிற்று. தனக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கத் தெரியாத ஜென்மம் நீ. மழையில் நனைந்துகொண்டு ஒரு மரத்தடியில் நிற்கிறாயாம், பைத்தியக்காரி மாதிரி. இதற்கு மேலும் உன்னைத் தனியாக விட்டால் நான் மனுஷியா?

பூங்காவுக்கு இரண்டு தெரு தள்ளி பேக்கரி இருக்கிறதே, அதற்கு மாடியில் ஒற்றை அறை காலி. பேக்கரிக்காரரிடம் போனில் பேசி முடித்துவிட்டேன். மகனிடமும் சொல்லியாயிற்று. சொன்ன விதம் சரியில்லை, அது எனக்கே தெரிகிறது. "இங்க நான் ஒரு மூலையில கிடக்கற சாமான். அங்க எனக்காக ஒருத்தி மழையில நனைஞ்சுகிட்டு நிக்கிறா" என்றேன். மருமகளின் வெள்ளைப்பலகையை அவள் மேஜையிலேயே கொண்டுபோய் வைத்து, "இனிமே நீங்க ரெண்டு பேரும் இதுல எழுதிப் பேசிக்கோங்க" என்றும் சொன்னேன். அவள் அழுதாள். மகன் நிதானமாகத்தான் பேசினான். "போறது உங்க இஷ்டம்மா. ஆனா அவளை அழவெச்சுட்டுப் போறீங்க. மறுபடி அங்க சரியில்ல இங்க சரியில்லன்னு வந்து நிக்காதீங்க" என்றான். பெற்ற பிள்ளை. போகட்டும்.

பதினெட்டாம் தேதி சாமான் ஏற்றுகிறேன். மறுநாள் காலை வழக்கம்போல பூங்கா வாசலில் நிற்பேன். இந்த மூன்று மாதமாக வாயில் பூட்டைப் போட்டுச் சேர்த்து வைத்திருக்கிறேன், ஒரு சுற்றில் முடியாது, இரண்டு சுற்று போக வேண்டியிருக்கும். தயாராக இரு.

உன்னிடம் வருகிற,
ரேடியோ


ஏப்ரல் 9

ரேடியோ,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரை படி.

நீ ஊருக்கு வருவதில் எனக்கு வருத்தம் இல்லை. சாயங்காலம் வா. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பேசு. கடைக்குச் சேர்ந்து போவோம், டாக்டரிடம் நான் கூட்டிப்போகிறேன். ஆனால் காலையில் பூங்காவுக்கு நான் தனியாகப் போகிறேன். அதை மட்டும் எனக்கு விட்டுவிடு.

வெறிச்சென்று கிடக்கிறது என்று எழுதியது பொய். உன் மகன் சொன்னதுதான் சரி, ஒரு பேச்சுக்கு எழுதியது. கையை உடைத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனவளுக்கு வேறு என்ன எழுதுவார்கள்? நீ போனது எனக்கு நல்லதாகப் போயிற்று என்றா? வரட்டுமா என்று நீ கேட்டபோதாவது வேண்டாம் என்று எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. உன் கையைச் சாக்குச் சொன்னேன், வெயிலைச் சாக்குச் சொன்னேன். நீ புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். நீ எதைத்தான் அப்படிப் புரிந்துகொண்டிருக்கிறாய்?

இந்த வீட்டில் எனக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடையாது. என் பாயைச் சுருட்டினால்தான் மற்றவர்கள் நடக்கலாம். நாள் முழுக்க டிவி. அந்தக் காலை நேரம் ஒன்றுதான் எனக்கு. இந்த வசந்தத்தில்தான் அது என் கைக்கு வந்தது. ஒரு மொட்டு எப்படிப் பிரிகிறது என்று பார்க்க ஓர் ஆளுக்கு இந்த வயசு ஆக வேண்டுமா? இருபது வருஷமாக அதே பாதையில் உன்னோடு நடந்தேன், நான் ஒன்றையும் பார்த்ததில்லை. உன் ஓரகத்தி போட்ட சண்டையையும், நம் லேப் சீஃப் பண்ணின கஞ்சத்தனத்தையும், அடுத்த வீட்டுக்காரியின் இரண்டாம் கல்யாணத்தையும்தான் பார்த்தேன். நான் வாயெடுத்தால் அதற்கு முன்னால் நீ அடுத்த பலகையைப் படிக்க ஆரம்பித்திருப்பாய். லேபிலும் காதில் நீ, நடக்கும்போதும் காதில் நீ. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் போனேன். இருக்கிறது.

லாரி வருவதற்குள் இது உனக்குக் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போடுகிறேன். போனில் சொன்னால் நீ பேசுவாய், நான் உம் கொட்டிவிடுவேன். மருமகளிடம் மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிடு, பெரிய மனசு பண்ணி உன்னை இருக்கச் சொல்வாள். இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அப்படியும் வந்தால் வா. காலையில் மட்டும் வாசலில் நிற்காதே.

கோட்டான்


மே 11

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வேறு எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை, இப்படியே இருக்கட்டும்.

உங்கள் கடிதம் வந்தது. உங்கள் என்று எழுத வரமாட்டேன் என்கிறது. உன் கடிதம் வந்தது, லாரி வந்து நின்ற அன்று. மருமகள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்க ஃபிரெண்டா அத்தை? நாளைக்கு பார்க் வாசல்ல வந்து நிப்பாங்கல்ல? உங்களை அங்க தனியா அனுப்பறதுக்கு உங்க பிள்ளைக்கு மனசே இல்ல" என்றாள். நிப்பா என்று சொல்லிவிட்டு, குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து லாரியில் ஏறினேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருந்தாய். எந்த முகத்தை வைத்துக்கொண்டு? அதெல்லாம் ஒரு பேச்சுக்கு எழுதுவது என்று மகன் தெளிவாகச் சொன்னபோது வானத்துக்கும் பூமிக்கும் குதித்தவள் நான்தானே. வழி நெடுக லாரிக்காரரிடம்கூட நான் ஒன்றும் பேசவில்லை.

நீ பேக்கரி மாடிக்கு வந்து கதவைத் தட்டியது தெரியும். உள்ளேதான் இருந்தேன். கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போன பழங்களை பேக்கரிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரர் போன பிறகு நீ எப்படி இருந்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. ஸ்லைடை வைத்துவிட்டுப் பார்க்காமலே உட்கார்ந்திருப்பாய். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோவாய். ஒரு நாள் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாய். அன்றைக்கு மறுநாள்தான் உன்னைப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஊசி போடும்போது ஜனங்களிடம் எதற்குப் பேச்சுக் கொடுப்பேன்? குத்துவது தெரியக் கூடாது என்றுதான். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான், அதை உனக்கும் செய்தேன். விஷயம் இல்லாத நாளில் முதல் நாள் ராத்திரியே யோசித்து வைத்துக்கொண்டு வருவேன். என் ஓரகத்தி அவ்வளவு சண்டைக்காரி ஒன்றும் இல்லை. பாதி நான் கட்டிவிட்டது. நீ ஒரு தடவை உதட்டோரம் சிரித்தால் அன்றைக்கு எனக்குப் போதும்.

அது பழக்கமாகப் போயிற்று, பிறகு நிறுத்தத் தெரியவில்லை, அது என் தப்பு. ஆனால் வலி போனவள் போதும் என்று சொல்ல வேண்டாமா? நீ பாட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டே இருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டு வாரமாக நானும் பூங்காவுக்குப் போகிறேன். சாயங்காலம், வடக்கு வாசல் வழியாக. உன்னைத் திட்டுவதற்காகத்தான் போனேன். அறையில் திட்டினால் கீழே ரொட்டி வாங்க வருகிறவர்களுக்குக் கேட்கும். நடந்துகொண்டே மனசுக்குள் திட்டினேன். ஒரு வாரம் நன்றாகப் போயிற்று. அப்புறம் ஒரு நாள் திட்டித் தீர்ந்துவிட்டது. யோசித்துப் பார்க்கிறேன், ஒரு வசவும் வரவில்லை. அப்போதுதான் பக்கத்தில் பொத்தென்று ஏதோ விழுந்தது. ஒரு சிவப்புப் பூ, இதழ் இதழாக இல்லை, முழுசாக. மரத்தடி முழுக்க அப்படித்தான் கிடந்தது. இன்னொன்று விழுமா என்று நின்றேன். விழுந்தது. இன்னொன்றுக்கும் நின்றேன். தோட்டக்காரர்கள் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போயிருந்தார்கள், மண் வாசனை வந்தது. வெளிச்சம் இலைக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. மணியடித்து வெளியே போகச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது.

ஆகவே நீ எழுதியது நிஜம். தனியாக நடப்பது சுகமாகத்தான் இருக்கிறது. பொய்யாக இருந்திருந்தால், உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு என்றைக்கோ மன்னித்திருப்பேன். நிஜமாக இருப்பதால்தான் முடியவில்லை. இருபது வருஷத்தில் ஒரு நாள் என் கையைப் பிடித்து, "கொஞ்சம் பேசாம வா, இதைப் பாரு" என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். அப்புறம் இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டு நடந்திருப்போம். அப்படிச் சொல்வதைவிட என்னைச் சகித்துக்கொள்வது சுலபம் என்று நீ முடிவு பண்ணிவிட்டாய்.

காலையில் நீ போ. அந்தப் பக்கம் நான் வரமாட்டேன். சாயங்காலம் என்னுடையது, நீ வராதே. தெருவில் எதிரே பார்த்தால் நின்று விசாரிக்க வேண்டாம். எனக்கு இப்போது பேச்சு பிடிப்பதில்லை.

இப்படிக்கு,
பேக்கரி மாடியில் குடியிருப்பவள்